ஹில்ஸ்பரோவா, சாண்ட்லரா? வானிலையும் பொதுப் போக்குவரத்தும் வைத்து ஓர் ஒப்பீடு

இன்டெல் நிறுவனத்தின் பெரிய சிப் ஆலைகள் அமெரிக்காவின் மேற்கில் இரண்டு ஊர்களில் இருக்கின்றன. ஒன்று ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ. இன்னொன்று அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர். இந்த ஆலைகளைச் சுற்றி வளர்ந்த மற்ற கம்பெனிகளையும் சேர்த்தால், சிப் துறையில் இருக்கும் தமிழர்கள் பலருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது: போர்ட்லேண்ட் பக்கம் போவதா, ஃபீனிக்ஸ் பக்கம் போவதா?

கேட்பவர்கள் பெரும்பாலும் சம்பளம், வாடகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் வருகிறார்கள். வானிலை என்று வரும்போது "அங்கே மழை, இங்கே வெயில்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். பொதுப் போக்குவரத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை, எப்படியும் கார் வாங்கத்தானே போகிறோம் என்று. வேலைக்குப் போகிறவர் கார் வாங்கிவிடுவார், சரி. அவரோடு வருகிற மனைவியோ கணவரோ, உரிமம் எடுக்கும் வரை எப்படி வெளியே போவார்? ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மா? பதினான்கு வயதுப் பிள்ளை? அவர்களை வைத்துப் பார்த்தால் இந்த ஒப்பீடு வேறு மாதிரி ஆகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

வானிலையையும் போக்குவரத்தையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவது தவறு என்பது என் கருத்து. ரயிலில் போவது என்றால் நிலையம் வரை நடக்க வேண்டும், அங்கே காத்திருக்க வேண்டும், இறங்கி மறுபடி நடக்க வேண்டும். அந்த நடையையும் காத்திருப்பையும் வானிலை அனுமதிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதனால் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

- கார் இல்லாத ஒருவர் பகலில் பத்து நிமிடம் நடந்து, பத்து நிமிடம் காத்திருக்க முடிகிற மாதங்கள் எத்தனை?
- வீடு, வேலை, கடை, விமான நிலையம் இவற்றை ரயிலோ பஸ்ஸோ தொடுகிறதா?
- ஆண்டின் மிக மோசமான வாரத்தில் என்ன நடக்கும்?
- சம்பளக் கடிதத்தில் தெரியாத செலவுகள் எவை?

## வானிலை: போர்ட்லேண்ட்

போர்ட்லேண்டின் மழைக்கு இருக்கும் பெயரைக் கேட்டால் ஊரே வெள்ளத்தில் மிதக்கும் என்று தோன்றும். ஆண்டு மழையளவு சுமார் 36 அங்குலம், அதாவது 90 சென்டிமீட்டரை ஒட்டி. சென்னைக்கு அதைவிட அதிகமாக, ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் பெய்கிறது. வித்தியாசம் அளவில் இல்லை, பெய்கிற விதத்தில் இருக்கிறது. சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிற மழை, இங்கே ஆண்டில் 150 நாளுக்கு மேல், பெரும்பாலும் அக்டோபரில் ஆரம்பித்து மே வரை, தூறலாகவே பரந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் பலர் குடைகூடப் பிடிப்பதில்லை. தொப்பி வைத்த மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். பத்து நிமிட நடையை அந்தத் தூறல் தடுப்பதில்லை.

மழையைவிடப் பலரை வாட்டுவது வெளிச்சமின்மை. டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். பகலிலும் மேகம் மூடியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியனைச் சரியாகப் பார்க்காமலே வாரங்கள் போகும். ஊரிலிருந்து புதிதாக வந்து, வேலையும் நண்பர்களும் இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு இது உண்மையிலேயே கஷ்டமான காலம். "பழகிவிடும்" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். சிலருக்குப் பழகுகிறது, சிலருக்கு மனச்சோர்வாகவே ஆகிவிடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்தச் சுபாவம் ஏற்கெனவே இருந்தால், போர்ட்லேண்டுக்கு எதிராக இதைவிடப் பலமான காரணம் கிடையாது.

அப்புறம் கோடை. ஜூலையில் சராசரி அதிகபட்ச வெப்பம் 28 டிகிரி செல்சியஸ், மழை அநேகமாக இல்லை, இரவு ஒன்பது வரை வெளிச்சம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊரில் வெளியே நடப்பதே ஒரு சுகம்.

மோசமான வாரங்களும் உண்டு. 2021 ஜூன் 28 அன்று வெப்பம் 116 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, செல்சியஸில் 46க்கு மேல். ஏசி இல்லாத வீடுகள் நிறைந்த ஊரில் அந்த மூன்று நாட்கள் பலர் உயிரைப் பறித்தன. வெப்பம் தாங்காமல் ரயிலையும் நிறுத்த வேண்டி வந்தது. 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகை ஊரை மூடி, சில நாட்கள் உலகின் பெருநகரங்களிலேயே மிக மோசமான காற்று இங்கேதான் இருந்தது. குளிர்காலத்தில் பனியைவிடப் பனிக்கட்டி மழைதான் ஆபத்து. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றில் மழைத்துளி விழுந்த இடத்திலேயே உறைந்து, சாலையும் மின்கம்பியும் கண்ணாடி போர்த்தியதுபோல் ஆகிவிடும். 2024 ஜனவரியில் அப்படி ஆனபோது ரயில்கள் முடங்கின.

## வானிலை: ஃபீனிக்ஸ்

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஃபீனிக்ஸ் வானிலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. டிசம்பரில் பகல் வெப்பம் 19 டிகிரி, வானம் நீலம், மழை அபூர்வம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே ஏழு அங்குலம்தான் மழை. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இந்த மாதங்களில் இங்கே வந்து குவிவதில் வியப்பில்லை.

கோடையைப் பற்றி இரண்டு தவறான ஆறுதல்கள் நம்மிடையே உலவுகின்றன. முதலாவது, "நாம் வேலூர், திருச்சி வெயிலைப் பார்த்தவர்கள்தானே." நம் ஊர் கத்திரி வெயில் மூன்றரை வாரத்தில் முடிந்துவிடும். ஃபீனிக்ஸில் 2024ஆம் ஆண்டு தொடர்ச்சியாக 113 நாட்கள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. 2023இல் 31 நாட்கள் இடைவிடாமல் 110 டிகிரி, அதாவது 43 செல்சியஸ். அந்த ஜூலையில் பதினாறு நாட்கள் இரவிலும் வெப்பம் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடுவதுதான் காரணம்.

இரண்டாவது ஆறுதல், "அது வறண்ட வெயில், வியர்க்காது." வியர்க்கிறது, உடனே ஆவியாகிவிடுவதால் தெரிவதில்லை. உடம்பு நீர் இழப்பதை உணராமல் இருப்பதுதான் வறண்ட வெயிலின் ஆபத்து, முக்கியமாக வயதானவர்களுக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும். ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) 2023இல் மட்டும் வெப்பம் தொடர்பான மரணங்கள் 645 என்று கவுன்டி பதிவு செய்தது. அவர்களில் வீடற்றவர்கள் அதிகம். வீட்டுக்குள் ஏசி பழுதாகி இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஃபீனிக்ஸ் நகராட்சி 2021இல் வெப்பத்தைச் சமாளிக்க என்றே ஒரு தனி அலுவலகம் தொடங்கியது. பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு அதுவே போதுமான சான்று.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை அரிசோனாவின் பருவமழைக் காலம். மழையைவிடப் புழுதிப் புயல்தான் முன்னால் வரும், சுவர்போல எழுந்து நெடுஞ்சாலையை மூடிவிடும். இந்தப் புழுதியோடு இன்னொரு விஷயமும் உண்டு. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் 'வேலி ஃபீவர்' என்ற நுரையீரல் நோய். அமெரிக்காவில் பதிவாகும் நோயாளிகளில் பெரும்பகுதியினர் அரிசோனாக்காரர்கள். இருமலும் களைப்பும் வாரக்கணக்கில் போகாவிட்டால் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

## பொதுப் போக்குவரத்து: போர்ட்லேண்ட்

போர்ட்லேண்ட் 1970களில் எடுத்த ஒரு முடிவின் பலனை இன்றும் அனுபவிக்கிறது. மவுன்ட் ஹூட் ஃப்ரீவே என்ற பெரிய நெடுஞ்சாலைத் திட்டத்தைக் கைவிட்டு, அதற்கான மத்திய அரசுப் பணத்தைப் பொதுப் போக்குவரத்தின் பக்கம் திருப்பினார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் 1986இல் ஓடத் தொடங்கிய 'மேக்ஸ்' ரயில். இன்று நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று நிறங்களின் பெயரில் தடங்கள், மொத்தம் சுமார் 60 மைல். நடத்துவது 'ட்ரைமெட்' என்ற போக்குவரத்து அமைப்பு.

ஹில்ஸ்பரோவுக்குப் போகிறவருக்கு முக்கியமானது நீலத் தடம். 1998இல் ஹில்ஸ்பரோ வரை வந்தது. அந்தத் தடத்தை ஒட்டியே ஓரென்கோ என்ற குடியிருப்புப் பகுதி திட்டமிட்டுக் கட்டப்பட்டது: ரயில் நிலையம், அதைச் சுற்றி அடுக்கு வீடுகள், கடைகள், நடைபாதை. இன்டெலின் ரான்லர் ஏக்கர்ஸ் வளாகம் அங்கிருந்து ஒரு மைல் அளவில் இருக்கிறது. சைக்கிளை ரயிலிலேயே ஏற்றிக்கொள்ளலாம், உள்ளே மாட்டக் கொக்கி உண்டு. 2024இல் சிவப்புத் தடத்தையும் ஹில்ஸ்பரோ வரை நீட்டிவிட்டதால், ஓரென்கோவில் ஏறினால் மாறாமல் நேரே விமான நிலையத்தில் இறங்கலாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 2.80 டாலர். 'ஹாப்' அட்டையைத் தட்டினால் இரண்டரை மணி நேரம் எத்தனை பஸ், ரயில் வேண்டுமானாலும் மாறலாம். ஒரு நாளைக்கு 5.60, ஒரு மாதத்துக்கு 100 டாலருக்கு மேல் பிடிக்காது. முதியவர்களுக்குப் பாதிதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேக்ஸ் வேகமான ரயில் அல்ல. போர்ட்லேண்டின் மையப்பகுதியில் தெருவிலேயே, சிக்னலுக்கு நின்று நின்று ஊர்கிறது. ஹில்ஸ்பரோவின் கடைசி நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அநேகமாக எல்லாத் தடங்களும் 1912இல் கட்டிய ஸ்டீல் பிரிட்ஜ் வழியாகத்தான் ஆற்றைக் கடக்கின்றன, அங்கே ஒன்று நின்றால் மற்றவையும் தாமதமாகும். இரவு நேரத்தில் ரயிலிலும் நிலையத்திலும் போதைப் பழக்கத்தால் வரும் தொந்தரவு பற்றிப் பயணிகள் புகார் சொல்வது உண்மை. தனியாக இரவில் பயணம் செய்பவர் ஓட்டுநர் அறைக்கு அருகில் இருக்கும் பெட்டியில் உட்கார்வது நல்லது. நிதிப் பற்றாக்குறையால் 2025இல் சேவைக் குறைப்பையும் அறிவித்தார்கள், அதனால் வீடு பார்க்கும்போது பழைய கால அட்டவணையை நம்பாதீர்கள்.

இன்னொன்று. நம்மவர்கள் விரும்பி வீடு வாங்கும் பெத்தனி பகுதியில் மேக்ஸ் கிடையாது. பஸ் பிடித்து வில்லோ கிரீக் போன்ற நிலையத்துக்கு வந்துதான் ரயிலேற வேண்டும். போர்ட்லேண்ட் வந்தும் பெத்தனியில் குடியேறினால், ரயில் என்ற காரணத்தை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நியாயம்.

## பொதுப் போக்குவரத்து: ஃபீனிக்ஸ்

ஃபீனிக்ஸ் வளர்ந்த காலமே வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஏசியும் காரும் பரவிய பிறகு விரிந்த ஊர் இது. 1989இல் உயர்த்தப்பட்ட ரயில் பாதைத் திட்டம் ஒன்றை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அதனால் முதல் ரயில் 2008 டிசம்பர் கடைசியில்தான் ஓடியது. பிறகு பக்கத்து ஊரான மீசா, வடமேற்கு ஃபீனிக்ஸ் என்று நீண்டு, 2025 ஜூனில் தெற்கு ஃபீனிக்ஸ் பகுதிக்கும் வந்து, இப்போது இரண்டு தடங்கள், சுமார் 35 மைல்.

அந்தத் தடம் தொடும் இடங்களில் சேவை நன்றாகவே இருக்கிறது. ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பி ஊரில் இருக்கும் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகமும் ஃபீனிக்ஸ் நகர மையத்தில் இருக்கும் அதன் வளாகமும் ஒரே ரயிலில் இணைகின்றன. விமான நிலையத்துக்கு 44ஆவது தெரு நிலையத்தில் இறங்கி இலவச ஸ்கை ட்ரெயினில் மாறலாம். டெம்பியில் 'ஆர்பிட்' என்ற சிறு பஸ்கள் குடியிருப்புகளுக்குள் இலவசமாகவே சுற்றுகின்றன. கட்டணமும் குறைவு: ஒரு முறைக்கு 2 டாலர், நாள் முழுவதற்கும் 4, மாதத்துக்கு 64.

ஆனால் சாண்ட்லருக்குள் ரயில் இல்லை. இன்டெலின் ஒக்கட்டியோ வளாகம் ஊரின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. மீசாவில் இருக்கும் ரயில் நிலையத்திலிருந்து அது பத்து மைலுக்கு மேல். வடக்கே தைவானின் சிப் நிறுவனமான டி.எஸ்.எம்.சி. கட்டியிருக்கும் புதிய ஆலைக்கும் இதே கதை, ரயில் முடியும் இடத்துக்கும் ஆலைக்கும் இடையில் நெடுந்தூரம். சிப் வேலைக்காக ஃபீனிக்ஸ் போகிறவர், ரயில் இருக்கிறது என்ற செய்தியால் தன் முடிவை மாற்ற வேண்டியதில்லை.

பஸ்கள் உண்டு. பெரிய சாலைகள் மைலுக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டதுபோல் ஓடுவதால் பஸ் வழித்தடத்தைப் புரிந்துகொள்வது சுலபம். பல தடங்களில் அரை மணிக்கு ஒரு பஸ்தான். ஜூலை மதியம் நிழல் சரியில்லாத நிறுத்தத்தில் அரை மணி நிற்பது அசௌகரியம் என்ற அளவில் முடிகிற விஷயம் இல்லை, உயிருக்கே ஆபத்து. தார்ச் சாலையில் தடுக்கி விழுந்து தோல் வெந்துபோய் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அங்கே ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள்.

பொதுப் போக்குவரத்து இல்லையென்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்ஸி பொதுமக்களுக்காக முதலில் ஓடியது சாண்ட்லர் வட்டாரத்தில்தான், 2020இல். கார் ஓட்டத் தெரியாத ஒருவருக்கு ஏசியோடு வாசலுக்கே வரும் வண்டி பெரிய உதவி. தினமும் பயன்படுத்தினால் செலவு ஏறிவிடும், அவசரத்துக்கும் வாரம் ஓரிரு முறைக்கும் சரி.

## எண்களை அடுக்கிப் பார்த்தால்

| | போர்ட்லேண்ட் வட்டாரம் | ஃபீனிக்ஸ் வட்டாரம் |
|---|---|---|
| ஜூலை சராசரி அதிகபட்சம் | 28 டிகிரி செ. | 41 டிகிரி செ. |
| டிசம்பர் சராசரி அதிகபட்சம் | 8 டிகிரி செ. | 19 டிகிரி செ. |
| ஆண்டு மழை | சுமார் 36 அங்குலம் | சுமார் 7 அங்குலம் |
| பகலில் நடக்கக் கடினமான காலம் | பனிக்கட்டி, புகை நாட்கள் | மே கடைசி முதல் செப்டம்பர் வரை |
| ரயில் தொடங்கியது | 1986 | 2008 |
| ரயில் நீளம் | சுமார் 60 மைல் | சுமார் 35 மைல் |
| ஒரு பயணம் / மாதம் | 2.80 / 100 டாலர் | 2 / 64 டாலர் |
| இன்டெல் இருக்கும் ஊருக்குள் ரயில் | உண்டு | இல்லை |

## தெரியாமல் போகும் செலவுகள்

பெரிய செலவு இரண்டாவது கார். 'ஏ.ஏ.ஏ.' என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, புதுக் கார் ஒன்றை வைத்திருக்கத் தேய்மானம், காப்பீடு, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது. பழைய கார் என்றால் குறையும், ஆனாலும் கணிசமான தொகைதான். சாண்ட்லரில் இருவர் வெளியே போகும் குடும்பத்துக்கு இரண்டாவது கார் தவிர்க்க முடியாதது. ஓரென்கோவில் நிலையத்துக்கு அருகில் இருந்தால் தவிர்க்கலாம், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம்.

இதற்கு எதிர்த்தட்டில் வரி இருக்கிறது. அரிசோனாவில் வருமான வரி எல்லாருக்கும் ஒரே 2.5 சதவீதம். ஓரிகனில் நடுத்தரச் சம்பளத்துக்கே 8.75 சதவீத அடுக்கு வந்துவிடும், அதற்கு மேல் 9.9 வரை போகும். சம்பளத்தில் 0.1 சதவீதம் பொதுப் போக்குவரத்துக்கு என்றே தனியாகப் பிடிக்கிறார்கள். ஓரிகனில் விற்பனை வரி இல்லை என்பது கொஞ்சம் ஈடுகட்டும், முழுவதும் ஈடுகட்டாது. ஒருவர் மட்டும் பெரிய சம்பளம் வாங்கும் வீட்டில் வரி வித்தியாசமே ஒரு காரின் செலவை நெருங்கிவிடலாம். இரண்டையும் உங்கள் சம்பளத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள், மற்றவர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஃபீனிக்ஸில் கோடை மின்கட்டணம் பெரிது. ஏசி இயந்திரம் பழசான வீடு என்றால் வாங்கும் முன் அதை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் கார் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். போர்ட்லேண்டில் பழைய வீடுகள் பலவற்றில் ஏசியே கிடையாது. 2021க்குப் பிறகு அது ஆடம்பரம் இல்லை, அவசியம். மே, ஜூனில் போர்ட்லேண்ட் இருக்கும் வில்லமெட் பள்ளத்தாக்கின் புல் மகரந்தம் காற்றில் நிறைந்திருக்கும், இந்தப் பள்ளத்தாக்கு புல்விதை விவசாயத்துக்குப் பேர்போனது. ஊரில் ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் இங்கே வந்து மூன்றாம் வருடம் மூக்கு ஒழுக ஆரம்பிப்பது உண்டு.

## யாருக்கு எது

வீட்டில் ஒருவர் மட்டும் கார் ஓட்டுகிறார், இன்னொருவர் தானாக வெளியே போக ஆசைப்படுகிறார், பிள்ளைகள் நடுநிலைப் பள்ளி வயது என்றால் ஹில்ஸ்பரோ. அதுவும் நீலத் தடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பதின்ம வயதுப் பிள்ளை அப்பா அம்மாவின் காருக்குக் காத்திருக்காமல் நூலகத்துக்கும் நண்பர் வீட்டுக்கும் போவது ஓர் ஊர் கொடுக்கக்கூடிய பெரிய சுதந்திரம்.

இருவரும் ஓட்டுகிறார்கள், இரண்டு கார் எப்படியும் வேண்டும், வெயில் இல்லாவிட்டால் மனம் சோர்ந்துபோகும் என்றால் சாண்ட்லர். ரயிலை நினைத்து வருந்த வேண்டாம். கோடையில் காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சியை முடித்துவிடும் பழக்கம் மட்டும் வேண்டும். வார இறுதியில் மாரிகோபா என்ற ஊரில் (அதே பெயர் கொண்ட கவுன்டி வேறு) இருக்கும் மகா கணபதி கோயிலுக்குப் போவதும் கார்ப் பயணம்தான்.

மாணவர் கதை வேறு. அரிசோனா ஸ்டேட்டில் படிக்க வருபவர் டெம்பியில் ரயிலை ஒட்டி அறை எடுத்தால் கார் இல்லாமலே படிப்பை முடித்துவிடலாம். வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கும்போது வெயில் உச்சத்தில் இருக்கும், முதல் இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் போதும்.

அப்பா அம்மா ஆண்டுதோறும் வந்து தங்குவார்கள் என்றால், ஊரைவிட மாதம் முக்கியம். போர்ட்லேண்டுக்கு மே முதல் அக்டோபர் பாதி வரை, ஃபீனிக்ஸுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை டிக்கெட் போடுங்கள். பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்களுக்குப் போர்ட்லேண்ட்தான் சரி, ஃபீனிக்ஸ் ஜூலையில் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு வந்து குளிரில்லாமல் வாசலில் கோலம் போட வேண்டும் என்பவர்களுக்கு ஃபீனிக்ஸ்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை போய்ப் பாருங்கள்: ஹில்ஸ்பரோவுக்கு ஜனவரியில், சாண்ட்லருக்கு ஜூலையில். அங்கே வாடகைக் கார் எடுக்காமல், பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். ஓட்டத் தெரியாதவர் யாரோ, அவரையும் கூட அழைத்துப் போங்கள். வழியை அவரே கண்டுபிடிக்கட்டும்.